மட்டாஞ்சேரியின் சீட்டில்லா இரவுகள்

கொச்சியில் இரவுப் பொழுதைக் கழிக்க எங்கே போகலாம் என்று சுற்றுலாக் கையேடுகளைப் புரட்டினால், எர்ணாகுளத்து நட்சத்திர ஓட்டல்களின் மதுக்கூடங்கள், மரைன் டிரைவ் நடைபாதை, ஒன்றிரண்டு பேரங்காடிகள் என்று பட்டியல் சீக்கிரம் தீர்ந்துவிடும். மும்பையிலும் பெங்களூருவிலும் இருப்பதுபோன்ற நடன அரங்குகள் இங்கே பெருகவில்லை. அதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு வெளியே இருந்த மதுக்கூடங்களை மூடுவதென்று 2014-இல் அன்றைய கேரள அரசு முடிவெடுத்தது. 2017-இல் வந்த மதுக்கொள்கை அதைத் தளர்த்தியது. ஆனாலும் மாதத்தின் முதல் தேதியில் மதுக்கடை அடைப்பு என்ற வழக்கம் நீடித்தது. பணம் கொடுத்து வாங்கும் இரவு கொச்சியில் சிறியது என்பதே உண்மை நிலை.

பணம் கொடுக்காமல் கிடைக்கும் இரவோ பெரியது. அது காயலுக்கு மேற்கே, மட்டாஞ்சேரியிலும் அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சி, தோப்பும்படி, பள்ளுருத்திப் பகுதிகளிலும் இருக்கிறது. பாட்டு, நாடகம், கண்காட்சி, கோயில் உற்சவம், தேவாலயப் பெருநாள், நோன்பு மாத இரவுக் கடைகள் என்று ஆண்டின் பெரும்பகுதி ஏதாவதொன்று நடந்துகொண்டே இருக்கும். இவற்றில் பலவற்றுக்கு நுழைவுச்சீட்டு இல்லை. ஆனால் இவை வெளியூர்க்காரரைத் தேடி வருபவை அல்ல. எந்தச் சமூகம் எந்த மாதத்தில் எங்கே கூடுகிறது என்பது தெரிந்தவருக்கே வாசல் திறக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நாட்காட்டியைத்தான்.

இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை கூட்டங்கள் எப்படி வந்தன என்பதற்குத் துறைமுகமே விடை. 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாளர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அதன்பின் மிளகும் இஞ்சியும் தேடி வந்தவர்கள் மட்டாஞ்சேரியின் காயல் கரையில் தங்கிவிட்டார்கள். கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர், குஜராத்தி வணிகர், கச்சி மேமன்கள், டெக்கானி முஸ்லிம்கள், யூதர், லத்தீன் கத்தோலிக்கர், தமிழ் பிராமணர், தமிழ் வண்ணார் என்று ஒரு சில சதுர கிலோமீட்டருக்குள் முப்பதுக்கு மேற்பட்ட சமூகங்களை உள்ளூர் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் துணிகளைத் துவைக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த வண்ணார் குடும்பங்களின் வழியினர் இன்றும் ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள டோபி கானாவில் வேலை செய்கிறார்கள். தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே பதில் கிடைக்கும் இடம் அது.

பிறகு துறைமுகம் இடம் மாறியது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி, அள்ளிய மண்ணிலேயே வில்லிங்டன் தீவை எழுப்பினார். 1928-இல் பெரிய கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. வணிகம் மெல்ல மெல்லத் தீவுக்கும் எர்ணாகுளத்துக்கும் போய்விட, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் நீண்ட கிடங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மிளகு மூட்டை அடுக்கிய அந்தக் கிடங்குகளே பின்னாளில் ஓவியக் கூடங்களாகவும் பாட்டுக் கூடங்களாகவும் ஆயின. வியாபாரம் நொடித்த தெருவில் கலை குடியேறுவது உலகத்துப் பழைய துறைமுகங்கள் பலவற்றில் நடந்த கதைதான். மட்டாஞ்சேரியில் மட்டும் கலை அதற்கு முன்பே, சுமை தூக்கியவர்களிடத்தில் குடியிருந்தது.

அந்தக் கலை மெஹ்ஃபில். கடைக்கு மேலேயுள்ள ஓர் அறை, பாய் விரித்த தரை, ஒரு ஹார்மோனியம், தபலா, சுற்றிலும் முப்பது நாற்பது பேர். பாடுபவர் பகலில் மீன் ஏலம் விடுபவராகவோ கிடங்குத் தொழிலாளியாகவோ இருக்கலாம். வட இந்தியாவோடு வணிகத் தொடர்பு வைத்திருந்த கச்சி வணிகர்கள் இந்துஸ்தானிப் பாடகர்களை வரவழைத்து உபசரித்ததும், டெக்கானிக் குடும்பங்கள் வீட்டிலேயே உருது பேசியதும், இசைத்தட்டில் கே.எல். சைகலும் முகமது ரஃபியும் வந்து இறங்கியதும் சேர்ந்து, கர்நாடக இசை கோலோச்சும் தென்னிந்தியாவின் ஓரத்தில் இந்துஸ்தானிக்கு ஒரு தனித் தீவை உண்டாக்கின. கேரளத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்க இன்னொரு ஊர் கோழிக்கோடு மட்டுமே.

மட்டாஞ்சேரி மெஹ்ஃபிலின் முகம் எச். மெஹபூப். 1926-இல் ஃபோர்ட் கொச்சியில் டெக்கானிக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1951-இல் வந்த ‘ஜீவித நௌக’, 1954-இல் வந்த ‘நீலக்குயில்’ ஆகிய படங்களில் பாடி மலையாளத் திரையில் பெயர் பெற்றார். ஆனால் கொச்சி மக்கள் அவரை நினைவு வைத்திருப்பது கல்யாண வீட்டுத் திண்ணைகளில், கேட்டவருக்குக் கேட்ட பாட்டைப் பாடியவராகத்தான். சம்பளமும் மேடையும் அவரைக் கட்டிப்போடவில்லை. 1981-இல் அவர் மறைந்தபோது கையில் பெரிதாக ஒன்றுமில்லை. 2013-இல் ராஜீவ் ரவி இயக்கிய ‘அன்னயும் ரசூலும்’ படம் அவர் பாடிய பழைய பாடல்களை மீண்டும் எடுத்துக்கொண்ட பிறகு, அவரைக் கேட்டேயிராத தலைமுறையும் அவற்றை முணுமுணுக்கத் தொடங்கியது. அவர் பெயரில் இயங்கும் மெஹபூப் மெமோரியல் ஆர்க்கெஸ்ட்ரா கொச்சியின் பாட்டுக் கூட்டங்களில் தவறாமல் தென்படும் பெயர். எர்ணாகுளம் பொது மருத்துவமனையில் நோயாளிகளுக்காக வாராவாரம் பாட்டு நிகழ்ச்சி நடத்தும் திட்டம் 2014-இல் கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சியை நடத்தும் அறக்கட்டளையின் முயற்சியில் தொடங்கியபோது, அதில் கைகோத்ததும் இந்தக் குழுதான். அது பகல்நேர நிகழ்ச்சி. ஆனால் பாடுவோர் இரவு மெஹ்ஃபில் ஆட்கள்.

மெஹபூபுக்குப் பின் வந்தவர் உம்பாயி. மட்டாஞ்சேரியில் பிறந்து, மும்பையில் இசை பயின்று, கஜலை மலையாளத்தில் பாடிப் பரவலாக்கியவர். 2018 ஆகஸ்டில் மறைந்தார். இதே தெருக்களின் நாடக உலகத்திலிருந்து வந்த இன்னும் இருவரைத் தமிழர்கள் அறிவார்கள். ஒருவர் கே.ஜே. யேசுதாஸ், 1940-இல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர், தந்தை அகஸ்டின் ஜோசப் மேடை நாடகங்களில் பாடி நடித்தவர். மற்றவர் இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன். சிறு வயதில் தந்தையை இழந்து பழனியில் ஓர் ஆசிரமத்தில் வளர்ந்தவர், இசையின் முதல் பாடங்களை அங்கேதான் கற்றார். ஏ.ஆர். ரஹ்மான் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கீபோர்டு வாசிக்கும் வாய்ப்பைத் தந்தவர்களில் அர்ஜுனன் முன்னவர்.

இந்த மெஹ்ஃபில்களைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. முறையான விளம்பரம் பெரும்பாலும் இராது. பிறந்தநாள், நினைவுநாள், கல்யாணத்துக்கு முந்திய இரவு என்று ஏதாவது ஒரு சாக்கில் கூடுவார்கள். முகமது ரஃபியின் நினைவுநாளான ஜூலை 31-ஐ ஒட்டிய இரவுகள் கேரளத்தின் கரையோர நகரங்களில் பாட்டுக்காரர்கள் கூடும் பொழுது. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிச் சிற்றுண்டிக் கூடங்களிலும் கலைக்கூடங்களிலும் கஜல் மாலைகள் நடப்பதுண்டு; அங்கே பாட்டுக்குக் காசில்லை, காப்பிக்கு உண்டு. உள்ளே போனவர் தரையில் உட்கார்ந்து, பாட்டு நடக்கும்போது பேசாமலிருந்தால் போதும். அடியொன்று நெஞ்சைத் தொட்டால் வாய்விட்டுப் பாராட்டலாம். அதைத்தான் பாடகர் எதிர்பார்க்கிறார்.

மெஹ்ஃபில் உள்ளூர்க்காரருக்கான மாலை என்றால், உலகத்தை இங்கே இழுத்துவந்தது கொச்சி-முசிறிஸ் பினாலே. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு கலைஞர்களின் முயற்சியில் 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய இந்தக் கலைக் கண்காட்சி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பதாக வகுக்கப்பட்டது. முதல் பதிப்பின்போது பாடகி எம்.ஐ.ஏ. ஃபோர்ட் கொச்சிப் பரேட் மைதானத்தில் பாடினார். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர் அவர். பெருந்தொற்றால் 2020-இன் பதிப்பு தள்ளிப்போய் 2022 டிசம்பரில்தான் கூடியது. ஆறாம் பதிப்பு 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. பல பதிப்புகளில் தலைமை இடமாக இருந்தது ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிகக் கம்பெனியின் வளாகம். அங்கிருந்து கல்வத்தி வழியாகப் பெப்பர் ஹவுஸ், பிறகு மட்டாஞ்சேரியின் கிடங்குகள் என்று காயலோரமாகவே நடந்து பார்க்கலாம்.

பினாலேயின் முதன்மை அரங்குகளுக்குக் கட்டணம் உண்டு. திங்கட்கிழமைகளில் இலவசம் என்ற வழக்கம் பதிப்புக்குப் பதிப்பு இருந்துவந்தாலும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் சிக்கனக்காரருக்கு உண்மையான விருந்து முதன்மை அரங்கில் இல்லை, அதைச் சுற்றி முளைக்கும் நூறு சிறு காரியங்களில் இருக்கிறது. கலைக் கல்லூரி மாணவர்களின் தனிக் கண்காட்சி மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் நடக்கும். தனியார் கலைக்கூடங்கள் அந்த மாதங்களில் தங்கள் சிறந்த படைப்புகளை வெளியே எடுக்கும். புதிய கண்காட்சியைத் திறக்கும் மாலையில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஓவியரிடம் நேரே பேசலாம், பெரும்பாலும் ஒரு தேநீரும் கிடைக்கும். அந்த டிசம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில் ஒரே மாலையில் மூன்று திறப்பு விழாக்களுக்கு நடந்தே போய்வர முடியும். பினாலே இல்லாத ஆண்டுகளிலும் மட்டாஞ்சேரியின் உரு ஆர்ட் ஹார்பர் போன்ற கூடங்களும் ஃபோர்ட் கொச்சியில் 1997-இல் தொடங்கிய காஷி கலைக்கூடமும் இயங்குகின்றன. எர்ணாகுளத்தில் கேரள லலிதகலா அகாதமியின் தர்பார் ஹால் கலை மையத்துக்கு எப்போது போனாலும் ஏதாவதொரு கண்காட்சி இருக்கும்.

இரவு முழுக்க நகரத்தையே கலைக்குத் திறந்துவிடும் யோசனை மேற்கில் 2002-இல் பாரிஸ் தொடங்கிய ‘நுயி பிளான்ஷ்’ என்ற ஓரிரவு விழாவால் பிரபலமானது. கொச்சிக்கு அது ஒன்றும் புதிதில்லை; சீட்டில்லாமல் கேட்பது சென்னை மார்கழிக்கும் பழக்கமே. மியூசிக் அகாடமியின் பிற்பகல் கச்சேரிகளுக்குப் பணமில்லாமல் போய் உட்கார்ந்த ரசிகர்களுக்கு, பெயர் வாங்காத கலைஞரைக் கேட்பதில் உள்ள சுகம் தெரியும்.

தமிழ் வாசகர் மேற்குக் கொச்சியிலும் அதன் சுற்றுவட்டத்திலும் தவறவிடக் கூடாத இலவச இரவு ஒன்று உண்டு. அது சவிட்டு நாடகம். போர்ச்சுக்கீசியர் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டு வாக்கில், லத்தீன் கத்தோலிக்க மீனவ ஊர்களில் உருவான இசை நாடகம் இது. சவிட்டு என்றால் மிதி. நடிகர்கள் பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடும்போது மேடையே ஒரு வாத்தியமாகிவிடும். வெல்வெட் அங்கி, மின்னும் மகுடம், கையில் வாள் என்று வேஷம் ஐரோப்பிய அரசவையைப் போலிருக்கும். அடவோ களரிப் பயிற்சியிலிருந்து வந்தது. கதை ஃபிராங்கியப் பேரரசன் ஷார்ல்மேனுடையது. இங்கே அவன் பெயர் காரல்மான். பாட்டின் மொழிதான் வியப்பு: மலையாளம் கலந்த தமிழ். முதல் நாடகங்களை எழுதிப் பயிற்றுவித்தவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழ்க் கரையிலிருந்து வந்தவர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்க நாட்டுக்கூத்து பழக்குபவரை அண்ணாவியார் என்று அழைப்பது ஈழத்தவர் அறிந்ததே. பாக் நீரிணைக்கு இருபுறமும் மேற்குக் கரையிலும் ஒரே மரபின் கிளைகள் ஓடியிருப்பதைக் கொச்சி மேடையில் கண்ணாலேயே பார்க்கலாம்.

முழு நாடகத்தையும் ஆட முன்பு பல இரவுகள் பிடிக்கும். இன்று இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடுகிறார்கள்; பள்ளிக் கலைவிழாப் போட்டியிலும் சேர்க்கப்பட்ட பிறகு சிறுவர்களிடம் மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. இதன் தாய்வீடு வடக்கே பறவூருக்கு அருகிலுள்ள கோதுருத்து தீவு. கொச்சியிலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. ஆனால் மட்டாஞ்சேரியில் தங்கியிருப்பவர் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் எப்போதும் இல்லை. கிறிஸ்துமஸ் காலத்திலும் கரையோரத் தேவாலயப் பெருநாள்களிலும் குழுக்கள் ஃபோர்ட் கொச்சிப் பக்கம் வந்து ஆடுவதுண்டு. தேவாலய முற்றம்தான் அரங்கம். நாற்காலி கிடைத்தால் உட்காரலாம், இல்லையென்றால் நின்று பார்க்கலாம்.

டிசம்பரின் கடைசி பத்து நாட்கள் கொச்சின் கார்னிவலுக்கு உரியவை. போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன புத்தாண்டுக் களியாட்டத்தின் எச்சத்தை எடுத்து, உள்ளூர் இளைஞர்கள் 1984-இல் இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். போரில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூணில் அஞ்சலி செலுத்தித் தொடங்கும் விழாவில் சைக்கிள் பந்தயம், கயிறு இழுப்பு, கால்பந்து, பாட்டு எல்லாம் தெருவிலும் கடற்கரையிலும் நடக்கும். வெளி மைதானத்து மழைமரத்துக்கு உள்ளூர் இளைஞர் குழு ஆயிரக்கணக்கான விளக்குகள் கட்டும். அதைப் பார்க்கவே குடும்பம் குடும்பமாக வருவார்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் கோட்டும் தொப்பியும் அணிந்த பப்பாஞ்ஞி என்ற கிழவனின் பிரம்மாண்ட உருவத்தைக் கொளுத்திப் பழைய ஆண்டை அனுப்பிவைப்பார்கள். உருவம் 50 அடி உயரத்தையும் எட்டியிருக்கிறது. போகி அன்று பழையதைக் கொளுத்துபவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. மறுநாள் ஜனவரி 1 பிற்பகலில் வேடங்களோடும் மேளத்தோடும் ஊர்வலம் நடக்கும்.

கூட்டத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. புத்தாண்டு இரவில் லட்சக்கணக்கானோர் ஒரு சிறிய நிலமுனைக்குள் திணிகிறார்கள். 2022 டிசம்பர் 31 அன்று நெரிசல் அளவு மீறிப்போன பிறகு காவல்துறை கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கியது. மாலையானதும் வாகனங்களை உள்ளே விடுவதில்லை, படகும் நிரம்பிவிடும். 2024-இல் மன்மோகன் சிங் மறைவையொட்டிய துக்கத்தால் விழாக்குழு தன் கொண்டாட்டத்தை ரத்து செய்ததும் நடந்திருக்கிறது. நள்ளிரவுத் தீயைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர் அன்று பகலிலேயே மேற்குக் கொச்சிக்குள் வந்து தங்கிவிட வேண்டும். கைக்குழந்தையோடு வருபவருக்கு முந்தைய வாரத்து மாலைகளே உசிதம். அப்போது அதே விளக்குகள், அதே பாட்டு, பாதிக் கூட்டம்தான்.

கோயில் உற்சவங்களைக் கண்டுபிடிக்கத் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. மலையாள மாதங்கள் தமிழ் மாதங்களோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்: விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி. விருச்சிகத்தில் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீச கோயிலில் எட்டு நாள் உற்சவம். யானை வரிசை, செண்டை மேளம், கர்நாடகக் கச்சேரி, பிறகு விடிய விடியக் கதகளி. ஃபோர்ட் கொச்சியில் சுற்றுலாப் பயணிகளுக்காக நாள்தோறும் மாலை நடக்கும் கட்டணக் கதகளியில் ஒப்பனை போடுவதையும் முத்திரைகளின் பொருளையும் விளக்குவார்கள். முதலில் அதற்கு ஒரு முறை பணம் கொடுத்துவிட்டுப் பிறகு திருப்பூணித்துறைக்குப் போவது புத்திசாலித்தனம். பாடம் ஃபோர்ட் கொச்சியில், இலவச விருந்து திருப்பூணித்துறையில். 2024 மார்ச்சில் மெட்ரோ ரயில் திருப்பூணித்துறை வரை நீண்டபின் பயணம் எளிதாகிவிட்டது. இரவு முழுக்க விழித்திருப்பவர் காலை முதல் ரயிலில் திரும்பலாம்.

பள்ளுருத்தி அழகியகாவு பகவதி கோயிலில் தனு மாதத்தின் கடைசி வியாழக்கிழமை கூடும் புலவாணிபம் வேறு வகையான இரவு. கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்டிருந்த புலையர் சமூகத்துக்கு ஆண்டில் ஒரு நாள் மட்டும் உரிமை கொடுக்கப்பட்டிருந்த காலத்தில் தொடங்கிய சந்தை அது. பாய், முறம், கத்தி, உலர்மீன் என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் வந்து குவியும். இதைத் திருவிழா என்று மட்டும் பார்ப்பவர் அதன் பின்னாலுள்ள சாதி வரலாற்றைத் தவறவிடுவார்.

நவராத்திரியில் மட்டாஞ்சேரிக் குஜராத்திகள் கர்பா ஆடுவார்கள், ஹோலிக்குக் குஜராத்தி ரோடு வண்ணத்தில் நனையும். சேர்லாயியிலுள்ள கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் கோயிலில் ஆறாட்டு உற்சவம் ஊரையே தெருவுக்கு அழைத்துவரும். ஓணத்தின்போது எர்ணாகுளம் தர்பார் ஹால் மைதானத்தில் சுற்றுலாத் துறை மேடை போடும். எடப்பள்ளியில் கவிஞர் சங்ஙம்புழ பெயரிலுள்ள பூங்கா மாலை நேர இசைக்கும் நடனத்துக்கும் பேர்போனது. பெருநாள் மேடைகளில் கட்டாயம் இடம்பெறும் பலகுரல் கூத்தும் இந்த நகரத்துச் சரக்குதான்: 1969-இல் அருட்தந்தை ஆபேல் தொடங்கிய கொச்சின் கலாபவன் 1981-இல் அரங்கேற்றிய ‘மிமிக்ஸ் பரேட்’ மலையாள நகைச்சுவைக்குப் புதுப் பாதை போட்டது. நடிகர் ஜெயராம் அந்தப் பட்டறையில் இருந்து வந்தவர்.

ரமலான் மாதம் தனியே சொல்லத்தக்கது. மற்ற நாட்களில் மட்டாஞ்சேரிக் கடைத்தெரு இரவு எட்டு மணிக்கே அடங்கிப்போகும். சினகாக் தெருவில் பழம்பொருள் கடைகள் அதற்கும் முன்பே இழுத்துச் சாத்திவிடும். நோன்பு மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்தபின் தெரு மறுபடி விழிக்கும். உன்னக்காய், சமோசா, பழம் நிறைத்தது, குலுக்கி சர்பத், பாலில்லாத சுலைமானித் தேநீர் எல்லாம் சாலையோரத்துக்கு வந்துவிடும். 1948-இலிருந்து இயங்கும் காயீஸ் ரஹ்மத்துல்லா ஓட்டலின் பிரியாணி இந்தப் பகுதியின் பெருமை. சாதாரண நாளில் மதியமே தீர்ந்துவிடக்கூடும் என்பதால் இரவு உணவுக்கு அதை நம்பியிருக்கக் கூடாது. தட்டுக்கடைப் பொறோட்டா எப்போதும் கைகொடுக்கும்.

செய்தி எப்படிக் கிடைக்கும்? கொச்சியில் பொது நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல் தொடங்கி பத்துக்குள் முடியும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இதற்குக் காரணம். பண்டிகைகளுக்காக ஆண்டில் சில நாட்கள் மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். ஆகவே ஏழு மணிக்குச் சாலையில் நடந்தால் எங்கே ஒலி வருகிறதோ அங்கே நிகழ்ச்சி. பகலிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு மலையாள நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் அன்றைய நிகழ்ச்சிப் பட்டியல் இருக்கும். எழுத்து தெரியாதவர் தேநீர்க் கடையில் இருப்பவரிடம் வாசிக்கச் சொன்னால் வாசித்துக் காட்டுவதோடு எந்த நிகழ்ச்சி உருப்படி என்பதையும் சொல்லிவிடுவார். கோயில் கமிட்டிகளும் தேவாலயங்களும் அச்சிடும் உற்சவ நோட்டீஸில் ஒவ்வொரு இரவின் நிகழ்ச்சியும் மணிவாரியாக இருக்கும்; கடைச் சுவர்களில் ஒட்டியிருப்பார்கள், கேட்டால் கையிலும் தருவார்கள். ‘பிரவேசனம் சௌஜன்யம்’ என்று எழுதியிருந்தால் சீட்டு வேண்டாம். ஊர் நூலகங்களையும் மறக்கக் கூடாது. கேரளத்து நூலக இயக்கத்தின் படிப்பகங்களில் கூட்டமும் சொற்பொழிவும் சினிமாத் திரையிடலும் வழக்கமாக நடப்பவை. கைபேசியில் தேடுபவருக்குக் கலைக்கூட நிகழ்ச்சிகள் எளிதில் அகப்படும்; மெஹ்ஃபிலும் புலவாணிபமும் அவ்வளவாக அகப்படாது.

ஒழுங்குமுறைகள் இடத்துக்கு இடம் மாறும். கேரளக் கோயில்கள் பலவற்றின் உட்புறத்தில் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி, ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடு போக வேண்டியிருக்கும். வெளி வளாகத்து மேடைக்கு இந்தக் கட்டுப்பாடு எல்லா இடத்திலும் இருப்பதில்லை. நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் உண்ணாமலிருப்பது மரியாதை. இலவச நிகழ்ச்சி என்றால் யாரோ செலவழித்திருக்கிறார்கள். கமிட்டிக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தால் முடிந்ததைக் கொடுக்கலாம், கட்டாயம் எதுவுமில்லை.

திரும்பிப் போவதுதான் கடைசிச் சிக்கல். எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிக்கு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகளும், 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவும் போகின்றன. உயர் நீதிமன்றம் – ஃபோர்ட் கொச்சி வழித்தடம் 2024-இலும், மட்டாஞ்சேரி முனையம் 2025 அக்டோபரிலும் திறந்தன. பேருந்தில் சுற்றி வருவதைவிட இது விரைவானது, கட்டணமும் சில பத்து ரூபாய்தான். ஆனால் படகுகள் நள்ளிரவு வரை ஓடுவதில்லை. ஒன்பது மணி வாக்கிலேயே சேவை முடியத் தொடங்கும். பத்து மணிக்கு முடியும் கச்சேரியைக் கேட்பவர் தோப்பும்படிப் பாலம் வழியாகப் பேருந்திலோ ஆட்டோவிலோ போக வேண்டியிருக்கும். இரவு நேரத்தில் ஆட்டோக் கட்டணத்தை ஏறுமுன் பேசிக்கொள்வது நல்லது. பஜார் ரோட்டின் கிடங்குப் பகுதி கடைகள் அடைத்தபின் ஆளரவமின்றிக் கிடக்கும். தனியே நடப்பவர், குறிப்பாகப் பெண்கள், விளக்கும் தட்டுக்கடையும் உள்ள முதன்மைச் சாலையைப் பிடித்துப் போகலாம். கேரளக் காவல்துறையின் பிங்க் பேட்ரோல் எண் 1515, அவசர எண் 112. நிகழ்ச்சி நடக்கும் கரையிலேயே அறை எடுத்துத் தங்குபவருக்கு இந்தக் கவலைகளில் பாதி குறையும். திரும்புவதற்கு நடையே போதும்.